லாஸ்ட் தீவா, கொலைத் தீவா, ஒயிட் லோட்டஸ் ஓட்டலா?

என் தங்கை லண்டனில், நான் சென்னையில். "சேர்ந்து எங்கேயாவது போவோம் அக்கா" என்று அவள் சொல்லச் சொல்ல மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்தத் தடவைதான் பேச்சு லீவு போடும் அளவுக்கு வந்திருக்கிறது. பத்து நாள். கடல் வேண்டும், வெயில் வேண்டும், தென்னை மரம் வேண்டும். சென்னைக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தேன்: நாங்கள் ராத்திரி கண்விழித்துப் பார்த்த தொடர்களில் ஒன்றை எடுத்த தீவாக இருக்க வேண்டும்.

பட்டியல் சீக்கிரமே மூன்றுக்கு வந்துவிட்டது. நான் 'லாஸ்ட்' பைத்தியம்: விமானம் நொறுங்கி ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. அதை எடுத்தது ஹவாயில், ஓவாஹு தீவில். தங்கைக்கு ஜனவரிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு பி.பி.சி.யில் 'டெத் இன் பாரடைஸ்' பார்ப்பது ஒரு சடங்கு. அது கரீபியனில், குவாதலூப் தீவில் எடுப்பது. என் மகள் தன் பங்குக்கு 'தி ஒயிட் லோட்டஸ்' மூன்றாவது சீசனை நீட்டினாள்: தாய்லாந்தின் கோ சமூய். பிஜியும் ஒரு நாள் பட்டியலில் இருந்தது. 'சர்வைவர்' போட்டியை 2016 முதல் அங்கே மாமனுகா தீவுகளில்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த முகாம்களும் மேடைகளும் ஆட்டம் முடிந்தால் பிரித்துவிடுவதற்கென்றே கட்டியவை. பிரித்த கொட்டகையைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு? அடித்துவிட்டேன்.

முதலில் பாஸ்போர்ட்

எந்தத் தொடர் பிடிக்கும் என்பதை ஓரமாக வைத்துவிட்டு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். என் தங்கையிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவளுக்கு அமெரிக்கா என்றால் இணையத்தில் ஓர் அனுமதி, குவாதலூப் என்றால் அதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு ஹவாய் என்றால் அமெரிக்க விசா; நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பழைய பத்து வருட விசா இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அது வாசல் திறந்த வீடு.

குவாதலூப் விஷயம் கொஞ்சம் வில்லங்கம். அது பிரான்ஸின் ஒரு மாவட்டம்; செலாவணி யூரோ; ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த மாவட்டத்துக்கு என்று எழுதிக் கேட்க வேண்டும். சில நீண்டகால விசாக்களுக்குச் சலுகை உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் வாய்மொழியை நம்ப வேண்டாம். பாரிஸில் சார்ல்ஸ் டி கோலில் இறங்கி ஓர்லி விமான நிலையத்துக்கு மாற வேண்டியிருந்தால் நடுவில் நீங்கள் பாரிஸ் ஊருக்குள்ளும் நுழைகிறீர்கள். அதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் டிக்கெட் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

தாய்லாந்துதான் இதில் சுலபம். இந்தியர்களைச் சமீப வருடங்களில் விசா இல்லாமலே விட்டிருக்கிறார்கள். விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ஓவாஹு: உலகம் முழுவதும் ஒரே தீவில்

ஓவாஹுவுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அலுவலக வேலையாகக் கலிபோர்னியா போனபோது ஐந்து நாள் லீவை ஒட்டவைத்துக்கொண்டேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசலாம்.

'லாஸ்ட்' 2004 முதல் 2010 வரை ஆறு சீசன். முதல் பகுதிக்காக ஒரு பழைய லாக்ஹீட் விமானத்தையே விலைக்கு வாங்கி, துண்டு போட்டு, கப்பலில் ஏற்றி, தீவின் வடகரையில் மொகுலேயியா கடற்கரையில் கொட்டினார்கள். பிறகு முகாமைக் கொஞ்சம் கிழக்கே, ஹாலேயிவா ஊருக்குப் பக்கத்தில் பாப்பைலோவா கடற்கரைக்கு மாற்றினார்கள். கதையில் தீவில் ஆராய்ச்சி நடத்தும் தர்மா குழுவினரின் மஞ்சள் வீடுகள் நிஜத்தில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. விடுமுறை முகாம். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது; சாலையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாப்பைலோவாவுக்கு வழி என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தால் எதிரே வெறும் மணல். விமானம் இல்லை, கூடாரம் இல்லை, ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. சவுக்கு மாதிரி மரங்கள், ஒரு கறுத்த பாறை. பாறை கண்ணைத் திறந்தது, ஆமை. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லாஸ்ட்?" என்று ஒரே சொல்லில் கேட்டார். தலையாட்டினேன். தன் பின்னால் இருந்த மலைவரிசையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் பார்த்த பிறகுதான் உடம்பு சிலிர்த்தது. அந்த மலை விளிம்பு ஆறு சீசனும் கதாநாயகன் ஜாக்கின் தலைக்குப் பின்னால் நின்ற அதே விளிம்பு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓவாஹுவில் தொடரை நீங்கள் மனதில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே அது காத்திருக்காது. கதையில் வரும் ஈராக், நைஜீரியா, கொரியா, ஆஸ்திரேலியா எல்லாமே இதே தீவுதான். சிட்னி விமான நிலையம் என்று காட்டியது ஹொனலூலுவின் மாநாட்டு மையம். ஈராக்கியர் சயீதாக வந்த நவீன் ஆண்ட்ரூஸ், கேரளத்திலிருந்து லண்டன் போன பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டன்காரரை ஈராக்கியராக்கி ஹவாயில் பாக்தாத் கட்டிய தொடர் என்பது தெரிந்த பிறகு, ஹொனலூலுவில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் "இது எந்த நாடாக வந்தது?" என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்த விளையாட்டு பிடித்தது. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கைக்குப் பிடிபடுகிற இடங்களும் இரண்டு உண்டு. ஒன்று கொரியக் காட்சிகளுக்குப் பயன்பட்ட பியோடோ-இன் கோயில். ஜப்பானின் ஊஜி நகரக் கோயிலைப் பார்த்து 1968-ல் எழுப்பியது. ஹவாய்க்கு ஜப்பானியத் தொழிலாளர்கள் வந்து நூறாண்டு ஆனதன் நினைவாக. உள்ளே போகும் முன் தொங்கும் மரக்கட்டையைப் பின்னால் இழுத்துப் பெரிய மணியை அடிக்க வேண்டும். சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும் வரை யாரும் பேசுவதில்லை. இன்னொன்று குவாலோவா பண்ணை. சுமார் 4,000 ஏக்கர். 'லாஸ்ட்' ஹர்லி கோல்ப் ஆடிய புல்வெளியும் அங்கேதான், 1993-ன் 'ஜுராசிக் பார்க்' காட்சிகளும் அங்கேதான். பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆளுக்கு 50 டாலருக்கு மேல் ஆகும், முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. குடும்பத்தில் யாராவது 'ஹவாய் ஃபைவ்-ஓ' ரசிகர் இருந்தால் அதே பயணத்தில் ஹொனலூலு நகரிலேயே காமேஹாமேஹா மன்னர் சிலையையும் பின்னால் உள்ள கட்டடத்தையும் பார்த்துவிடலாம். ஒரே செலவில் மூன்று நான்கு தொடர் என்பதில் ஓவாஹுவை அடிக்க ஆளில்லை.

செலவுதான் இடிக்கிறது. நான் தங்கிய வைகிகி ஓட்டலில் (பெயர் வேண்டாம்) அறை வாடகையோடு 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒன்று, காரை நிறுத்த ராத்திரிக்கு 50 டாலர் என்று இன்னொன்று. பில்லில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தப்பு என் மேலும் இருக்கிறது. சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை. நகருக்குள் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு, வடகரைக்குப் போகும் இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். காலமும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகரையில் வரும் அலை சறுக்கு வீரர்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் கால் நனைக்கவே யோசிக்க வேண்டும். கோடையில் அதே கடல் குளம் மாதிரி கிடக்கும்.

சைவர்களுக்கு ஒரு துணுக்கு: பக்கத்துத் தீவான கவாயில் யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளின் மரபில் வந்த ஆதீனம் இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் செதுக்கிக் கப்பலில் அனுப்பிய கருங்கற்களால் அங்கே எழுப்பிய இறைவன் கோயிலுக்கு 2023-ல் குடமுழுக்கு நடந்தது. அங்கே போக மறுபடி விமானம் ஏற வேண்டும். என் ஐந்து நாளில் முடியவில்லை.

கோ சமூய்: சுலபம்தான், ஆனால்...

2025-ல் வந்த மூன்றாவது சீசனில் எல்லோரும் ஒரே ஓட்டலில் தங்குவதாகக் கதை. நிஜத்தில் அப்படி ஓர் ஓட்டல் இல்லை. பெரும்பகுதி சமூயின் வடமேற்கு மூலையில் உள்ள ஃபோர் சீசன்ஸ். மீதியை சமூயிலும் புக்கெட்டிலும் உள்ள வேறு ஓட்டல்களில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். புக்கெட் தாய்லாந்தின் எதிர்க்கரையில் இருக்கிறது. அதாவது, கதாபாத்திரம் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து அறைக்கு நடக்கும் அந்த நொடியில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குத் தாவுகிறது. எடிட்டர் செய்ததை நாம் செய்ய இன்னொரு விமான டிக்கெட் வேண்டும்.

அந்த முக்கியமான ஓட்டலில் தங்குவதென்றால் சீசனில் ஓர் இரவுக்கே லட்ச ரூபாயைத் தாண்டும். பணக்காரர்களின் அசட்டுத்தனத்தைக் கிண்டல் செய்த தொடரைப் பார்த்துவிட்டு அதே வில்லாவுக்குப் பணம் கட்டுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடர் வருவதற்கு வெகு முன்பே தோழிகளோடு சமூய் போயிருக்கிறேன். தீவு அருமை, சாப்பாடு மலிவு, 42 தீவுகள் கொண்ட ஆங் தோங் கடல் பூங்காவுக்கு ஒரு நாள் படகில் போய்வரலாம். சமூய் விமான நிலையம் ஒரு தனியார் விமான நிறுவனத்துக்கே சொந்தம் என்பதால் நேர் டிக்கெட் விலை கொஞ்சம் கடிக்கும். சூரத் தானி வரை விமானத்தில் போய், டோன் சக் துறையிலிருந்து ஃபெர்ரி பிடித்தால் காசு மிச்சம், அரை நாள் செலவு. மழைதான் பலரை ஏமாற்றுகிறது. புக்கெட்டில் வெயில் தொடங்கும் நவம்பரில்தான் சமூயில் கொட்டும். நம் ஊர் வடகிழக்குப் பருவமழை மாதிரியே. தீபாவளி லீவில் சமூய் போய்விட்டு அறைக்குள் சீட்டாடித் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம்.

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள், ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காதவர்கள் எல்லாம் சமூய்க்கே போங்கள். தொடரைத் தேடாதீர்கள், தீவைப் பாருங்கள்.

குவாதலூப்: கொலை நடக்கும் ஊருக்கே

2011-ல் ஆரம்பித்த 'டெத் இன் பாரடைஸ்' கதை நடப்பது செயின்ட் மேரி என்ற கற்பனைத் தீவில். வாரம் ஒரு கொலை. விசாரிக்கப் பிரிட்டனிலிருந்து வரும் துப்பறிவாளர் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுவார்: கோட்டு சூட்டைக் கழற்ற மறுத்த ரிச்சர்ட் பூல், தடுக்கி விழுந்துகொண்டே இருந்த ஹம்ப்ரி, ஜாக், ஒவ்வாமை நெவில், இப்போது மெர்வின். மாறாதவர் கமிஷனர் செல்வின் பேட்டர்சன். அவர் ஓசையில்லாமல் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய தலைமையாசிரியர் ஞாபகம்.

இந்தத் தொடரின் பெரிய பலம் சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். எழுத்தைப் பார்த்தால் 'தெஷே' என்று படிக்கத் தோன்றும், உள்ளூரில் கிட்டத்தட்ட 'தேயே' என்று சொல்லும் ஒரு மீனவர் ஊர்; சுமார் 4,000 பேர். அதையே கதையில் வரும் ஒனோரே ஊர் என்று வைத்துக்கொண்டு வருடாவருடம் அங்கேயே எடுக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனாக வருவது ஊர் தேவாலயத்தை ஒட்டிய பங்குக் கட்டடம். கேத்தரின் பார், கடலைப் பார்த்த நிஜ உணவகம். படகுத்துறை, தேவாலயம், கடைத்தெரு எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பத்து நிமிட நடை. துப்பறிவாளர் பல்லியோடு குடியிருக்கும் கடற்கரைக் குடில் மட்டும் ஊருக்கு வடக்கே, லா பெர்ல் கடற்கரையில், காரில் போய்விடலாம். பல்லி கம்ப்யூட்டரில் வரைந்தது. தேட வேண்டாம்.

ஓவாஹுவில் உலகத்தை ஒரு தீவுக்குள் மடக்கினார்கள். சமூயில் பல ஓட்டலை ஒன்றாக ஒட்டினார்கள். இங்கே ஓர் ஊரை ஊராகவே விட்டுவிட்டார்கள். பார்த்த தொடருக்குள் நடந்து போக வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் சரியான இடம் என்று நான் முடிவுக்கு வந்தது இதனால்தான். இத்தனைக்கும் எனக்குப் பிடித்தது 'லாஸ்ட்'. பிடித்த தொடர் வேறு, போய்ப் பார்க்கத் தோதான தொடர் வேறு.

ஒரு வேடிக்கை. தொடரில் மீன்காரம்மா முதல் மந்திரி வரை ஆங்கிலம் பேசுவார்கள். நிஜ ஊரில் பிரெஞ்சும் கிரியோலும்தான். லண்டன் தங்கை, "அக்கா, நீதான் அலையான்ஸ் ஃபிரான்சேயில் ரெண்டு வருஷம் படிச்சியே" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். நான் படித்தது 1998-ல்.

தொடரை விட்டாலும் தீவில் பார்க்க நிறைய இருக்கிறது. லா சூஃபியேர் எரிமலை 1,467 மீட்டர். தெஷேயிலிருந்து தெற்கே அதே மேற்குக் கரையில் மாலந்தூர் எதிரே கடலடி ஆய்வாளர் கூஸ்தோ பெயரால் அழைக்கும் கடல் காப்பகம். ஆனால் என்னை இழுத்தது வேறொன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து மக்களை ஏற்றிவந்து குவாதலூப்பில் இறக்கியது. 1880-களின் கடைசி வரை சுமார் 42,000 பேர் இப்படி வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்றும் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். அப்படி வந்த குடும்பம் ஒன்றில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையும் ஓட்டும் கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடியவர். தீவின் கிழக்குக் கரையில், கபெஸ்டேர் ஊரை ஒட்டி நெடுஞ்சாலை ஓரத்தில், வண்ணம் தீட்டிய சிலைகளோடு ஒரு மாரியம்மன் கோயில் நிற்கிறது. மொழி போய்விட்டது, அம்மன் இருக்கிறாள்.

சாப்பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கொலம்போ' என்பது அந்தத் தீவின் வீட்டுச் சமையல்: ஆட்டுக்கறியோ கோழியோ, மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில். பொடியில் வறுத்த அரிசியும் சேர்ப்பதுண்டு. பெயர் கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்பார்கள். 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. எனக்குக் குழம்புக் கட்சிதான் பிடித்திருக்கிறது, ஆதாரம் கேட்காதீர்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து இன்னும் எட்டரை மணி நேரம் புவாந்த்-அ-பித்ருக்கு. வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாள். சாமான்கள் பலவும் பிரான்ஸிலிருந்து வருவதால் மளிகைக்கடை விலை பாரிஸையே தாண்டும். வெளியூர் பஸ்ஸை நம்பி மாலை நேரத்துக்குத் திட்டம் போட முடியாது. கார் இல்லாவிட்டால் தெஷேயிலேயே கட்டிப்போட்ட மாதிரி. சமீப வருடங்களில் வசந்தம் முதல் கோடை வரை சர்காசம் என்ற பழுப்புக் கடல்பாசி கரையில் ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. நல்ல வேளை, அது பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கக் கரைகளில்தான். தெஷே கரீபியன் பக்கம். அதனால் அறை தேடும்போது "குவாதலூப் கடற்கரை" என்று பொதுவாகத் தேடாமல் கரையைப் பார்த்துத் தேடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம். படப்பிடிப்பு பொதுவாக ஏப்ரலை ஒட்டித் தொடங்கும். மழையும் வேண்டாம், படப்பிடிப்பையும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் இரண்டும் சேரும் வாரங்கள். அப்போது ஸ்டேஷன் வாசலில் கயிறு கட்டிவிடுவார்கள், படி ஏறிப் போட்டோ எடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தங்கைக்குப் படப்பிடிப்பு வேண்டும், எனக்குப் படி வேண்டும். இரண்டு நாள் சண்டை போட்டோம். பத்து நாள் இருக்கிறோமே, என்றாவது ஒரு நாள் கயிறை அவிழ்க்க மாட்டார்களா என்று அவள் சொன்னதில் நான் இறங்கிவந்தேன்.

ஆக, ஏப்ரல் கடைசி வாரம், குவாதலூப். ஏழு நாள் தெஷேயில், மூன்று நாள் கிழக்கே கபெஸ்டேர் பக்கம். மகளுக்கு அடுத்த வருடம் சமூய் என்று சொல்லியிருக்கிறேன். ஓட்டல் நான் சொல்வதுதான். பிரெஞ்சு விசாவுக்கு ஜனவரியிலேயே தேதி பிடிக்க வேண்டும். இப்போதைக்குப் பாக்கி ஒன்றே ஒன்று: அங்கே வாடகைக் கார் பெரும்பாலும் கியர் வண்டி, தங்கை ஓட்டுவது ஆட்டோமேட்டிக் மட்டும், மலைப்பாதையில் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. ஆட்டோமேட்டிக் கிடைக்கிறதா என்று மூன்று இடத்துக்குப் பிரெஞ்சில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. என் பிரெஞ்சு புரியவில்லையாம், ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.